அக்கா மூச்சு வாங்கும் இடம்

என் பள்ளித் தோழி ஒவ்வொரு விரல் நுனியையும் உதட்டில் உரசிப் பார்க்கிறாள். நகம் எதுவும் தட்டுப்படவில்லை, நேற்றுத்தான் வெட்டினாள். ஆனாலும் நகவெட்டியைப் பேருக்கு ஒரு முறை ஓட்டிவிட்டுத்தான் பியானோ முன் உட்காருவாள். பிறகு திரையைப் பார்த்துக் கத்துவாள்: "தொடங்குக்கா!"

திரைக்கு அந்தப் பக்கம் இஸ்திரிக் கடை. சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே அவள் அக்கா ஓர் இசைக்குழுவாகிவிடுவாள். வயலின்களுக்கு "லலலா", கொம்புகளுக்கு "பூம்", முரசுக்கு இஸ்திரிப்பெட்டியால் மேசையில் இரண்டு தட்டு. துணி கொடுக்க வந்தவர்கள் முதலில் மிரண்டார்கள். இப்போது அவர்களும் சேர்ந்து "பூம்" போடுகிறார்கள்.

தங்கைக்காரி என்னோடுதான் பள்ளியை முடித்தாள். பரீட்சையின்போதுகூட அவள் விரல்கள் மேசைமீது ஓடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் அதட்டினால் தொடைக்கு மாற்றிக்கொள்வாள். பழைய ஓட்டல் ஒன்றிலிருந்து வந்த தன் பியானோவுக்கு அவள் வைத்த பெயர் கழுதை. "கழுதைக்கு இன்னைக்குக் குளிரு. நாலு கட்டைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு" என்பாள். யார் எதைச் சொல்லிப் பயமுறுத்தினாலும் ஒரே பதில்தான்: "விடு, பார்த்துக்கலாம்."

வட்டார சிம்பொனி இசைக்குழு நடத்திய போட்டியில் வென்றபோதும் அதையேதான் சொன்னாள். பரிசு, நாற்பது பேர் பின்னால் வாசிக்க, பியானோவில் அவள் ஒருத்தி முன்னால் வாசிப்பது. குழுவோடு ஒத்திகை, கச்சேரி அன்று காலையில்தான்.

குழு வேகமெடுத்து உச்சிக்கு ஏறும் ஓர் இடம். ஏறிய கையோடு பியானோ அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பிடிக்கவில்லை. ஒரு கணம் நின்றாள். குழு அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறுபடி வாசித்தார்கள். அதே இடத்தில் மறுபடியும் நின்றாள்.

குழுத் தலைவர் கைக்கோலைக் கீழே வைத்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த உருப்படியே இன்னைக்கு வேணாம். ஏம்மா அங்க போய் நிக்கிற?"

அவள் வாயில் 'பார்த்துக்கலாம்' வரவில்லை. காது மடல் சிவந்துவிட்டது.

"அங்க... எங்கக்கா மூச்சு வாங்குவா சார்."

குழு மொத்தமும் சிரித்தது. ஒத்திகை பார்க்க வந்து அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிங்க, நல்லா சிரிங்க! நாப்பது பேர் வேலைய ஒரு வாயால செஞ்சிருக்கேன். மூச்சு வாங்காம செத்தா போவேன்?"

சிரிக்காமல் இருந்தவர் புல்லாங்குழல்காரர் ஒருவர்தான். "சார், அந்த எடத்துல எங்களுக்கும் உயிர் போகுது. ஒரு மூச்சு விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"எழுதினவரு அப்படி எழுதலையேப்பா."

"அவரு ஊதிப் பார்த்திருக்க மாட்டாரு சார்."

தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, ஒரு தடவை பார்ப்போம் என்று கோலை எடுத்தார். குழு உச்சிக்கு ஏறியது. சட்டென்று எல்லோரும் நின்றார்கள். அந்த அமைதிக்குள் அவளுடைய இரண்டு கைகளும் விழுந்தன. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.  தலைவர் பென்சிலை எடுத்துத் தன் இசைத்தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. அதே இடம் வந்தது. நாற்பது பேரும் நின்றபோது இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை விழுங்கினார். மூன்றாவது வரிசையிலிருந்து மட்டும் ஒரு சத்தம்; அக்கா பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துவிட்டாள். அடுத்த நொடி பியானோ எழுந்தது. அதன்பின் குழுதான் அவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

முடிந்ததும் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார்கள். நான் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தலைவர் அவள் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். ஒரு முறை குனிந்தாள். இரண்டாம் முறை குனியவில்லை. மூன்றாவது வரிசையைத் தேடினாள், கண்டுபிடித்தாள். தோள்கள் காதைத் தொடும்படி உயர்த்தி, கன்னங்களை உப்பி, அக்காவைப் போலவே மூச்சை வாங்கிக் காட்டினாள்.