ஜல்லித்தரையில் நான்கு முட்டைகள்

தொழிற்சாலையில் எந்தத் துறையும் ஏற்றுக்கொள்ளாத வேலை கடைசியில் நிர்வாகப் பிரிவுக்கு வந்து சேரும். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்படும் உங்களுக்குத் தெரியும்: கழிவறைக் குழாய், கேன்டீன் சாம்பார், சுவரேறி வரும் குரங்கு எல்லாம் நம் தலையில்தான். இந்தக் கோடையில் எனக்கு வாய்த்தது ஒரு ஆட்காட்டிப் பறவை.

ஆம்லெட்

லாரிகள் திரும்பும் ஜல்லித்தரையில் ஒரு லாரி பாதியில் நின்றுவிட்டது. சக்கரத்துக்கு முன்னால் ஆட்காட்டி சிறகை விரித்துக் கத்திக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தும் நகரவில்லை. தரையிலேயே முட்டையிடும் பறவை, பக்கத்தில் முட்டை இருக்கும் என்று தேடினேன். எங்கும் ஜல்லிதான் தெரிந்தது. ஆந்திர எல்லையிலுள்ள தடா ஊர்க்கார லாரி ஓட்டுநர் இறங்கி வந்து என் தோளைப் பிடித்தார்.

"தூக்குன காலை அப்டியே வெச்சிக்கோ நைனா. கீழ வெச்சா ஆம்லெட்டு."

பொறுப்பாளர்

என் காலடியில் ஜல்லி நிறத்திலேயே நான்கு முட்டைகள். சுற்றிலும் கூம்புகள் வைத்து நாடா கட்டினேன். நாடா கட்டினால் பலகையும் வைக்க வேண்டும் என்பது எங்கள் விதி: காரணம், பொறுப்பாளர், முடியும் நாள். காரணம் என்ற இடத்தில் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதினேன், பொய்யில்லை. பொறுப்பாளர் நான். முடியும் நாளை நிரப்பவில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஏசுதாஸ் வண்டியை நிறுத்தி எல்லாவற்றையும் படித்தார்.

"அம்மா காவலுக்குக் கத்திக்கினு கீது, அப்பா பேரு போர்டுல கீது. குடுத்து வெச்ச புள்ளைங்க சார்."

விருந்தாளி

அந்தத் தரைக்குத் திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்தார் பார்வையிட வருகிறார்கள், அதற்குள் தரை தயாராக வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போடக் கேட்டு மேலாளரிடம் போனேன். முட்டைகளைப் புல்வெளிக்கு மாற்றிவிடலாமே என்றார். மாற்றினால் தாய் திரும்பிப் பார்க்காது, நான்கும் வீண் என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பறவைக்காகப் பேசுகிறேனா, இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது என் சொல் எடுபட வேண்டும் என்று பேசுகிறேனா? அவருக்கு வந்த சந்தேகம் எனக்கும் வந்தது.

"திங்கக்கெழமை மிக்ஸர் வந்துடும் சார். அதுக்குள்ள உங்க விருந்தாளிய கெளம்பச் சொல்லுங்க."

ஒழுக்கு

உச்சிவெயிலில் ஆட்காட்டி, கூலிங் டவரடியில் வழியும் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் நிற்கும். அவை வெந்து போகாமலிருக்க அதுதான் வழி. வெள்ளிக்கிழமை அது காய்ந்த சிமென்ட்டில் இங்குமங்கும் நடந்துகொண்டிருந்தது. ஒழுக்கை அடைத்துவிட்டார்கள். பறவை வருவதற்கு முன்பே அடைக்கச் சொல்லிச் சத்தம் போட்டது நான்தான்.

பிளம்பரைக் கூப்பிட்டு, கொஞ்சம் வழிகிற மாதிரி தளர்த்திவிடச் சொன்னேன். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"லீக் வெக்கறதுக்குப் பிளம்பரக் கூப்ட்ட மொத ஆளு நீங்கதான் சார்."

திங்கட்கிழமை

காலையில் மூன்று குஞ்சுகள் பொரிந்து நடக்கவே ஆரம்பித்திருந்தன. நான்காவது முட்டை குளிர்ந்து கிடந்தது. வாசலில் மிக்ஸர் லாரி உறுமிக்கொண்டிருந்தது. கலவை இறுகிவிடும் என்று, கான்கிரீட் போட புதுவாயலிலிருந்து வந்திருந்த கான்ட்ராக்டர் கத்தினார்.

குஞ்சுகளோ நாடாவை மதிக்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. தாய் கத்தினால் குஞ்சுகள் அசையாமல் அப்படியே படுத்துக்கொள்ளும். படுத்தால் கண்ணுக்கு அவையும் ஜல்லிதான். நானும் ஏசுதாஸும் கான்ட்ராக்டரின் ஆட்களும் வரிசையாகக் கைகோத்து, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து, மூன்றையும் புல்வெளிப் பக்கம் ஒதுக்கினோம். கத்திக்கொண்டிருந்த கான்ட்ராக்டரும் கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"முட்டையா இருந்த வரிக்கும் ஒரே எடத்துல இருந்துச்சி சார். பொறந்தப்புறம்தான் பேஜாரு."

கேன்டீனில் எனக்குக் குஞ்சுகளைக் காப்பாற்றியவன் என்று பெயர். அவை வளர்ந்து முட்டையிட வரும்போது ஜல்லியே இல்லாமல் போகும்படி 'கான்கிரீட்டைக் கொட்டுங்கள்' என்று சொன்னவனும் அதே ஆள்தான்.