வாய் வைத்தால் வாங்க வேண்டும்

தேசப்பன் "புர்ர்ர்" என்று உதடுகளை அதிரவிட்டுக்கொண்டு தெருவில் வந்தால், மிளகாய் காயப் போட்டிருக்கும் பெண்கள் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். கைக்குழந்தை அப்படி ஊதினால் மழை வரும் என்பது திருத்தணியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாற்பத்தைந்து வயது மீசைக்காரர் ஊதினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது; இருந்தாலும் எதற்கு வம்பு? "அண்ணே, மொளகா காயுது, கண்ணு தெரியல? வாய மூடிகினு போ!" என்று தாயாரம்மாள் கத்துவாள். தேசப்பனுக்குக் கோபமே வராது. "ஆங், ஆங்" என்று தலையாட்டிவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய் மறுபடியும் ஆரம்பிப்பார்.

அது உதட்டுக்குக் கொடுக்கிற பயிற்சி. வேர்க்கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்கிற மனிதர், முகூர்த்த நாட்களில் ராஜமாணிக்கத்தின் பேண்டு செட்டில் டூபா ஊதுகிறார். பேண்டிலேயே பெரிய கொம்பு அதுதான். அதன் நுனியில் செருகி, வாய் வைத்து ஊதுகிற பித்தளைத் துண்டுக்கு மௌத்பீஸ் என்று பெயர். சின்னக் கிண்ணம் மாதிரி இருப்பதால் தேசப்பன் அதைக் கிண்ணி என்பார். இருபது வருஷம் ஒரே கிண்ணியை அழுத்தி அழுத்தி, அவர் வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. மீசையில்கூட அந்த வட்டம் போகிற இடத்தில் முடி முளைப்பதில்லை.

நான் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவன். சங்கீத ஞானம் சைபர். "அந்தக் கொம்பு ஒரே சத்தத்தைத்தானே திரும்பத் திரும்பப் போடுகிறது? அதற்கு ஏனய்யா இத்தனை பாடு?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டேன். அவர் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஆவணி மழை மேகம் கோபுரத்தை மறைத்திருந்தது.

"கிளாரினெட்டு காதுல போவுது சார். நம்மளுது வயித்துல போவுது. கல்யாணத்துல பொண்ணப் பெத்தவன் பயந்துகினு நிப்பான் பாருங்க, அவன் வயித்துல போயி, பயப்படாத நைனா, எல்லாம் நல்லா நடக்கும்னு சொல்லுது."

அப்புறம் நான் அந்த மாதிரி கேள்வி கேட்பதில்லை.

போன மாதம் அந்தப் பழைய கிண்ணி போய்விட்டது. அரக்கோணம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிண்ணியை மட்டும் வாயில் வைத்து ஊதிக்கொண்டே வந்திருக்கிறார். ரயில் ஓடுகிற சத்தத்துக்கு ஈடாக ஊதினாராம். எந்த உலகத்தில் இருந்தாரோ, கிண்ணி கை நழுவி வெளியே விழுந்துவிட்டது. மூன்று நாள் தண்டவாளத்தோடு நடந்து தேடிக் கண்டுபிடித்தார். அதற்குள் வேறு ஒரு ரயில் அதன் மேல் ஏறியிருந்தது. கிண்ணி தட்டாகிவிட்டது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியபோது மனிதர் கண்ணில் தண்ணீர்.

ராஜமாணிக்கம் பொல்லாதவர் இல்லை, ஆனால் செட்டு நடத்துகிறவர். "அடுத்த வெள்ளிக்கெழம அம்மையார்குப்பத்துல ஊர்வலம். அதுக்குள்ள உன் கொம்பு பேசணும். இல்லன்னா ஆர்.கே.பேட்டை வீரபத்திரன சேத்துக்குவேன், அவன்கிட்ட சொந்தக் கொம்பு கீது. நீ தாளம் தட்டு" என்று சொல்லிவிட்டார். தேசப்பன் அதை என்னிடம் சொல்லும்போது 'தாளம்' என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

அரக்கோணம் கடைத்தெருவில் கோதண்டபாணியின் வாத்தியக் கடை இருக்கிறது. யுத்தம் முடிந்து ராணுவத்தார் கழித்துப் போட்ட சாமான்களில் ஆறு கிண்ணிகளை அவர் பட்டணத்திலிருந்து வாங்கி வந்திருந்தார். ஆறையும் சிவப்புத் துணியில் வரிசையாக வைத்திருப்பார். அவர் கடையில் ஒரே ஒரு சட்டம்: வாய் வைத்தால் வாங்க வேண்டும். "எச்சில் பண்ணிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் அத்த யாரு தொடுவாங்க? எல்லா ஜனமும் வர கட இது" என்பார்.

முதல் தரம் தேசப்பனோடு கூடப் போயிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. "ஏன் ஐயா, இதெல்லாம் ஏற்கெனவே எந்தச் சோல்ஜர் வாயில் இருந்ததோ! அது எச்சில் இல்லையா?"

"அது சீமை வாயிங்க. அத்த எவன் கண்ணால பாத்தான்?" என்றார் கோதண்டபாணி, கொஞ்சமும் சிரிக்காமல்.

தேசப்பன் சட்டத்தோடு சண்டை போடவில்லை. ஒவ்வொரு கிண்ணியையும் முன்கையில் அழுத்திப் பார்த்தார். ஆறு வட்டங்கள் பதிந்தன. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், அந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுபடி போனார். ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி, கிண்ணியின் அடியை விரலால் அடைத்துக்கொண்டு நிரப்பி, அண்ணாந்து உதடு படாமல் வாயில் ஊற்றிக்கொண்டார். "இது ஒரு மடக்கு. இது ஒண்ணர மடக்கு. ஆழம் சாஸ்தி." காதில் வைத்துக் கேட்டார். ஊதாத கிண்ணிக்குள்ளிருந்து அவருக்கு என்ன கேட்டதோ! "இது ஏரி ரொம்பி மதகுல தண்ணி போற சத்தம் சார். இது மாடு படுத்துகினு மூச்சு வுடற சத்தம்" என்று கண் மூடிச் சொல்வார். கடைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை. நானும் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டில் அவர் மனைவி எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு பாக்கக்கூட ஒரு தரம்தான் வந்தாரு. கிண்ணி பாக்க நாலு தரம் போயிட்டு வந்துட்டாரு!"

வியாழக்கிழமை எனக்கு லீவு. கொம்பைக் கோணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தேசப்பன் கிளம்ப, நானும் மறுபடி கூடப் போனேன். மறுநாள் ஊர்வலம். கையிலிருந்த பணமோ ஒன்றே ஒன்றுக்குத்தான் காணும். ஆறில் நாலைத் தள்ளி வைத்தாகிவிட்டது. மிச்சம் இரண்டு. ஒன்று வெள்ளி முலாம் போட்டுப் பளபளவென்று இருந்தது. இன்னொன்று கறுத்துப் போய், விளிம்பு தேய்ந்தது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு அவர் அரைமணி நேரம் நின்றார். தெருவில் ஜட்கா போகிறது, வருகிறது, மனிதர் அசையவில்லை.

என் பொறுமை போய்விட்டது. "வெள்ளியை எடுமய்யா! கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரயிலுக்கு நேரமாகிறது!"

படித்தவர் சொல்கிறாரே என்று நினைத்திருக்க வேண்டும். வெள்ளிக் கிண்ணியைக் கொம்பில் செருகி வாயில் வைத்தார். கோதண்டபாணி பணத்தை வாங்கிப் பெட்டியில் போட்டார். தேசப்பன் ஊதினார்.

ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தரம் ஊதினார். அதே ஆடு. உதட்டை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் தரம் ஊதினார். அதற்கப்புறம் கொம்பை இறக்கிவிட்டார். எனக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போல இருந்தது. இருபது வருஷம் ஊதிய வாய்க்கு நான் யார் யோசனை சொல்ல?

தேசப்பன் என்னைத் திட்டவில்லை. கோதண்டபாணியிடம் கெஞ்சவும் இல்லை. "என் வாயிதான் சரியில்ல" என்றார். கோணியை எடுத்துக் கொம்பைச் சுற்ற ஆரம்பித்தார். பாதி சுற்றியவர், ஏதோ ஞாபகம் வந்தாற்போல் நிமிர்ந்தார்.

"மொதலாளி, நல்ல தாளத்தட்டு கீதா? சும்மா, எப்பிடி கீதுன்னு பாக்கறேன்."

கோதண்டபாணி என்னைப் பார்த்தார், கோணியைப் பார்த்தார். "சே!" என்றார், யாரைச் சொன்னாரோ. விருட்டென்று அந்தக் கறுத்த கிண்ணியை எடுத்துத் தம் வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதினார். புஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. விபூதி நெற்றியும் வெற்றிலை வாயுமாக, அந்த மனிதர் அப்படி ஒரு காரியம் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

"இப்ப இது என் எச்சில். இனிமே எவனும் வாங்க மாட்டான்" என்று நீட்டினார். "வெச்சிப் பாரு. புடிச்சா அந்த வெள்ளிய வெச்சிட்டு இத்த எடுத்துகினு போ."

கிண்ணியின் விளிம்பில் வெற்றிலைச் சிவப்பு ஈரமாக ஒட்டியிருந்தது. நான் அவசரமாக என் மேல்துண்டை எடுத்துத் துடைக்கக் கொடுத்தேன். தேசப்பன் புறங்கையால் துண்டை ஒதுக்கிவிட்டு, ஈரத்தோடேயே கிண்ணியைக் கொம்பில் செருகி உதட்டில் வைத்தார்.

முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைப் பலகை காலடியில் அதிர்ந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது, எங்கேயோ மலைக்குப் பின்னாலிருந்து வருவது போல, மெதுவாக. வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தேசப்பன் ஊதுவதை நிறுத்தவில்லை. கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இடது கையை மட்டும் நீட்டித் துழாவி, கோதண்டபாணியின் கையைப் பிடித்து இழுத்து, அதிர்ந்துகொண்டிருந்த பித்தளையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.