மூவாயிரத்து நானூறு கோடியில் ஒன்று

ஓடில் மாண்டவில் என்ற அம்மாள் அந்த மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தபோது, அது செத்துவிட்டது என்று அதன் மூடியிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். பனிச்சாலைக் குழுவின் பழைய கணினி அது. பன்னிரண்டு குளிர்காலம் வண்டியின் முன்பலகையில் குலுங்கிக் கிடந்தது. ஒருநாள் ஏரி நடுவில் நின்றுபோனது. யெல்லோநைஃப் நகரத்திலிருந்து பழுதுபார்க்க வந்த ஆள் உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றிப் பார்த்திருக்கிறார். மூன்று முறை முயன்றும் பாதி வழியில் நின்றுவிட்டது. "குப்பை" என்று டேப்பில் எழுதி ஒட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

"வாத்தியாரே, இதுல என் தங்கச்சி முகம் தெரியணும்," என்றார் ஓடில், என் மேசையில் அதை வைத்துவிட்டு. "அவ போடுற சீட்டும் தெரியணும். போன்ல எட்டு எது, ஆறு எதுன்னே புரிய மாட்டேங்குது. அவளும் அதைச் சாக்கா வச்சு ஏமாத்துறா."

தங்கை க்ளோட்டில்ட் தெற்கே எட்மண்டன் நகரத்தில் இருந்தார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த வசதி எங்கள் செயின்ட் ஆன் குடியிருப்பில் இல்லாததால் அவரால் ஊர் திரும்ப முடியாது. தினமும் மூன்று மணிக்கு அக்காவும் தங்கையும் போனில் வீடியோவில் பார்த்துச் சீட்டு விளையாடுவார்கள்.

நான் இங்கே பெரியவர்களுக்கான கல்வி மையத்தைப் பத்தொன்பது வருடமாக நடத்தி வருகிறேன். கணினிப் படிப்புக்கான சான்றிதழ் என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. ஓடில் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பத்தொன்பது வயதில் சாலைக் குழுவுக்குச் சமையற்காரியாகப் போனார். ஒவ்வொரு ஜனவரியிலும் ஏரி உறைந்ததும், அதன்மேல் எண்பது கிலோமீட்டருக்குச் சாலை போடுவார்கள். எண்ணெய் லாரிகளும் மளிகை லாரிகளும் அதன்மேல்தான் வரவேண்டும். அவருக்கு இருபத்தொன்பது வயதாக இருந்தபோது, தம்பி நோர்பெர்ட் ஓட்டிய பனி தள்ளும் வண்டி ஐஸ் மெல்லியதாக இருந்த இடத்தில் இறங்கி மூழ்கியது. ஜன்னல் வழியாக வெளியே வந்தவனைக் கயிறு போட்டு இழுத்தது ஓடில்தான். அந்த இடத்தின் தடிமனை அளக்கவேண்டிய ஆள், அளக்காமலே குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதியிருந்தான். மறுநாள் காலை ஓடில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தடிமன் பார்க்க ஐஸில் துளைபோடும் கருவியைக் கேட்டு வாங்கினார். அதிலிருந்து இருபத்தெட்டுக் குளிர்காலமாக அவர்தான் அளக்கிறார். அவர் அளந்த சாலையில் ஒரு சக்கரம்கூட நனைந்ததில்லை.

அது மார்ச் மாதம். வெளியே முப்பத்தெட்டு டிகிரிக் குளிர், பூஜ்யத்துக்குக் கீழே. நான் இலவச இயங்குதளம் ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கணினியில் செருகினேன். அறுபத்துமூன்று சதவீதத்தில் நின்றது. கோப்பு சிதைந்திருக்கிறது என்று ஒரு வரி. மறுபடி போட்டேன். இருபத்திரண்டில் நின்றது. மூன்றாம் முறை எண்பத்தெட்டு வரை போய் ஆசை காட்டிவிட்டு விழுந்தது.

"பென் டிரைவ் சரியில்ல," என்றேன்.

வேறு பென் டிரைவ் எடுத்தேன். இறக்கிய கோப்பே கெட்டதாக இருக்கலாம் என்று அதையும் புதிதாக இறக்கினேன். எங்கள் ஊர்ச் செயற்கைக்கோள் இணைப்பில் வெள்ளிக்கிழமை தொடங்கியது ஞாயிறு மதியம் முடிந்தது. ஏற்றினோம். நாற்பத்தொன்றில் நின்றது.

"அப்ப ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்."

அலமாரியில் கிடந்த இன்னொரு கணினியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். எழுபது. அதன்பின் பதினைந்து.

நோர்பெர்ட் கதவோரம் நின்று காய்ந்த மீனை மென்றுகொண்டிருந்தான். "அக்கா, வாத்தியார் இன்னும் ரெண்டு நாள்ல உன்னையும் கழட்டி மாட்டிப் பாப்பாரு. குப்பைமேட்டுக்கு நான் இப்பதான் போறேன், தூக்கிப் போட்டுட்டு வரவா?"

"நீ தண்ணிக்குள்ள போனப்ப உன்னையும் அப்படியே விட்டுட்டு வந்திருக்கணும்டா. அன்னைக்கே தப்புப் பண்ணிட்டேன்."

நான் கையை விரித்தேன். "மதர்போர்டுதான் போயிருக்கு, ஓடில். இனி ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் மேல்கோட்டுப் பையிலிருந்து மஞ்சள் அட்டை போட்ட சின்ன நோட்டை எடுத்தார். நனைந்தாலும் கிழியாத தாள். ஏரியில் எடுக்கும் அளவுகளை எழுதுவது அதில்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் எந்த பென் டிரைவ், எந்த டிஸ்க், எத்தனை சதவீதம், என்ன செய்தி என்று நாள், நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். நான் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை.

"இதைப் பாருங்க. அறுபத்திமூணு, இருபத்திரண்டு, எண்பத்தெட்டு, நாப்பத்தொண்ணு, எழுபது, பதினஞ்சு. ஒரு தடவைகூட ஒரே இடத்துல விழல. பாதையில பள்ளம் இருந்தா எல்லாரும் அதே பள்ளத்துலதானே விழணும்?"

"ஆமா."

"விழுற இடம் மாறிட்டே இருக்குன்னா, கோளாறு பாதையில இல்ல. தூக்கிட்டுப் போறவன்கிட்ட இருக்கு. இந்தக் குச்சியில இருந்து அந்த டிஸ்க்குக்குச் சாமானை யார் தூக்கிட்டுப் போறாங்க?"

என் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த சான்றிதழ் சுட்டது.

"மெமரி," என்றேன். "எல்லாம் மெமரி வழியாத்தான் போகணும்."

"அதை அளந்து பாத்தீங்களா?"

அளக்கவில்லை. முதலில் பார்த்திருக்கவேண்டியதே அதைத்தான்.

மறுநாள் புயல். சாலை வேலை நடக்கவில்லை. ஓடில் காலையிலேயே வந்துவிட்டார். மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். அது மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எழுதும், திரும்பப் படித்துப் பார்க்கும், அடுத்த இடத்துக்குப் போகும். ஓடில் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம் ஆனது. அவர் எழுந்திருக்கவில்லை. நான் இரண்டு மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

"வாத்தியாரே. சிவப்பா ஒரு கோடு."

ஒரே ஒரு கோடு. நான்கு சுற்று ஓட்டினோம். நான்கு முறையும் மெமரியின் அதே இடத்தில், அதே முகவரியில் அதே கோடு. வேறெங்கும் இல்லை.

"இது என்ன சொல்லுது?"

"மெமரிங்கிறது குட்டிக் குட்டி அறைங்க. ஒவ்வொண்ணுலயும் பூஜ்யமோ ஒண்ணோ நிக்கும். இந்த ஒரு அறையில பூஜ்யத்தை வச்சாலும் ஒண்ணாத்தான் திரும்பி வருது. அவ்வளவுதான்."

"மொத்தம் எத்தனை அறை?"

காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். எண் என்னையே ஒரு நிமிடம் நிறுத்தியது. "மூவாயிரத்து நானூறு கோடிக்கு மேல."

"அதுல கெட்டது?"

"ஒண்ணு."

ஓடில் அந்த எண்ணை நோட்டில் எழுதினார். காற்று கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "மத்ததெல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"பன்னண்டு வருஷமாவா? நோர்பெர்ட் அதுமேல காபியைக் கொட்டியிருக்கான். நாப்பது டிகிரிக் குளிர்ல ராத்திரி பூரா வண்டியில கிடந்திருக்கு. அத்தனை கோடியும் சொன்னதைச் சொன்னபடி திருப்பிக் கொடுத்துட்டு இருந்துச்சா?"

சொல்லிவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புக் கோட்டின் கீழே திரையை மெல்லத் தொட்டார். முப்பது வருடமாகக் கணினியோடு வாழ்கிறேன். அது ஓடாதபோது திட்டியிருக்கிறேன், ஓடுவதைப் பார்த்து ஒரு நாளும் வியந்ததில்லை. அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தேன். ஒன்று கெட்டதால் எல்லாம் நின்றது ஒரு அதிசயம் என்றால், இத்தனை காலம் எதுவுமே கெடாமல் இருந்தது அதைவிடப் பெரிய அதிசயம்.

ஆனால் அந்த மெமரி மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கழற்றி வேறு போட வழியில்லை. அதைச் சொன்னேன்.

"ஏன் கழட்டணும்?" என்றார் ஓடில். "ஒரு இடத்துல ஐஸ் மெல்லிசா இருந்தா ஏரியையேவா தூக்கிப் போடுறோம்? கொம்பை நட்டுட்டுச் சுத்திப் போறோம். அந்த அறைப் பக்கம் போகாதேன்னு இதுகிட்டச் சொல்ல முடியாதா?"

முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தேடினேன். நகர்ந்து நகர்ந்து வந்த இணைப்பில், எவரோ ஒருவர் எழுதிய பழைய குறிப்பு கிடைத்தது. முடியும். தொடங்கும்போதே ஒரு வரி எழுதிவிட்டால், இந்த முகவரியிலிருந்து இந்த முகவரி வரை தொடாதே என்று அது எடுத்துக்கொள்ளும்.

"அந்த ஒரு அறையை மட்டும் மூடுறேன்."

"ஒண்ணு மட்டும் பத்தாது. சுத்தி நல்லா இடம் விட்டு மூடுங்க. மெல்லிசு எங்க முடியுதுன்னு யாருக்குத் தெரியும்?"

தாராளமாக இடம் விட்டு எழுதினேன். ஏற்றத் தொடங்கியது. நோர்பெர்ட்டும் மீனோடு வந்து சேர்ந்துகொள்ள, மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முப்பது. ஐம்பது. ஐம்பத்தேழில் விழுந்தது.

நோர்பெர்ட்கூடச் சிரிக்கவில்லை. நான் நாற்காலியில் சாய்ந்தேன். "முடிஞ்சுது."

ஓடில் ஐம்பத்தேழு என்று நோட்டில் எழுதினார். பிறகு பேனாவால் என் மேசையைத் தட்டினார். "நீங்க சொன்னது அதுக்குக் கேட்டுச்சா?"

"என்னது?"

"ரேடியோவுல ஒண்ணு சொன்னா, எதிர்ல இருக்கிறவன் அதையே திருப்பிச் சொல்லணும். சொல்லலேன்னா கேக்கலன்னு அர்த்தம். இது திருப்பிச் சொல்லுச்சா?"

கணினிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்த வரி என்னவென்று கேட்டுப் பார்த்தேன். நான் எழுதியதில் பாதிதான் இருந்தது. நடுவிலிருந்த டாலர் குறி வேறு ஏதோ கட்டளை என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, அதோடு ஒட்டிய முகவரியும் காணாமல் போயிருந்தது. அந்தக் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டால்தான் அது குறியாகவே போய்ச்சேருமாம். போட்டேன். மறுபடி தொடங்கி, முதலில் அதன் பதிலைப் படித்தேன். இந்த முறை வரி முழுதாக இருந்தது.

அறுபத்துமூன்றைக் கடந்தது. எழுபதைக் கடந்தது. எண்பத்தெட்டில் ஒரு கணம் தயங்கியபோது நோர்பெர்ட் மீனை மெல்வதை நிறுத்தினான். நூறு.

ஓடில் எழுதினார்: நூறு. நேரம், மதியம் இரண்டு பத்து. பின் தலையை நிமிர்த்தி, "அணைச்சுத் திரும்பப் போட்டா மறந்துடாதே?" என்று கேட்டார். மறந்திருக்கும். நல்லவேளை கேட்டார். அந்த வரியை நிரந்தரமாகப் பதித்துவைத்தேன்.

மூன்று மணிக்கு எட்மண்டன் திரையில் வந்தது. க்ளோட்டில்ட் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். "ஐயோ, அக்கா! இவ்வளவு பெருசா ஏன் வந்து நிக்கிற? உனக்கு எப்ப இத்தனை நரை விழுந்துச்சு?"

"நரையை விடு. அந்த ஏழு சீட்டைக் கீழ வை. இப்ப எனக்குத் தெரியுது."

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கணினி இன்னும் ஓடுகிறது. அக்டோபரில், ஏரி உறைவதற்கு முன், ஓடில் ஒரு நாள் முழுக்க மெமரியை அளந்துபார்ப்பார். இரண்டாம் வருடம் இன்னொரு கோடு வந்தது. அதையும் சுற்றி மூடினோம்.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. போன இலையுதிர்காலத்தில் மருத்துவ நிலையத்துச் செவிலி, இயங்குதளம் ஏற மறுத்த தன் சொந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போய் ஓடிலுக்கு முன்னால் வைத்தார். எனக்கு வருத்தமே வரவில்லை.

"எங்கெங்க நின்னுச்சு?" என்று கேட்டார் ஓடில். "எழுதி வச்சிருக்கீங்களா?"

செவிலி இல்லையென்று தலையாட்டினார்.

"அப்ப முதல்ல இருந்து ஆரம்பிப்போம். அவசரம் இல்லையே?"

இப்போதெல்லாம் நான் முதலில் தீர்ப்புச் சொல்வதில்லை. நல்ல நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.