கீரிமலை வழியாகக் கேதாரம்

1983 பங்குனி 19, சனிக்கிழமை, காலை ஐந்து மணி. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு நானும் மனைவி மகேஸ்வரியும் இமயமலைக்குப் புறப்பட்டோம். அன்றைக்குப் போய்ச் சேரவேண்டிய இடம் கீரிமலை. கால்நடையாகப் பத்துக் கட்டை, அதாவது பத்து மைல். இமயத்துக்குக் கீரிமலை வழியாகப் பாதை இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன் நான்.

விஷயம் இதுதான். வைகாசி மாதம் சென்னையிலிருந்து ஒரு யாத்திரைக் குழு கேதாரத்துக்குப் போகிறது. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம், பிறகு சென்னை, டெல்லி, அரித்துவாரம் என்று ரயில், அதன்பின் இரண்டு நாள் பஸ். கௌரிகுண்டம் என்ற இடத்தில் பஸ் பாதை முடிந்துவிடும். அங்கிருந்து பதினான்கு கிலோமீற்றர் மலையேற்றம். ஆறாயிரத்து ஐந்நூறு அடியில் தொடங்கிப் பதினோராயிரத்து எழுநூறு அடியில் கோயில். குழுத் தலைவர் எழுதியிருந்தார்: "குழு நடந்தே ஏறும். ஏலாதவர்களுக்குக் குதிரை உண்டு, முன்கூட்டியே தெரிவிக்கவும். எத்தனை இடம், எத்தனை குதிரை என்ற பதில் சித்திரை ஐந்தாம் தேதிக்குள் என் கைக்குக் கிடைக்கவேண்டும்."

எனக்கு அந்த மலையைக் கண்ணால் பார்க்கவேண்டும். கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! மகேஸ்வரிக்கோ அது நேர்த்திக்கடன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் மகளின் முதற் பிரசவம் சிக்கலானபோது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேதாரத்துக்கு நடந்து வருவதாக நேர்ந்துவிட்டாள். குதிரையைப் பற்றி நான் மெதுவாகக் கதை எடுத்தபோது ஒரே வசனத்தில் முடித்தாள்.

"நேர்த்தி நடக்கிறதுக்கு, சவாரிக்கில்லை."

ஆனால் அவளுக்கு முழங்கால் வருத்தம். சாப்பிட உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவாள். நடக்க முடியாவிட்டால் அவள் போகமாட்டாள்; நான் தனியே போகவேண்டியிருக்கும். அதனால் கீரிமலைக்குப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பே ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டேன்: 'மனைவிக்கு முழங்கால் சரியில்லை. எனக்கு ஓர் இடம் போதும்.' உறையில் போட்டு, முத்திரையும் ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கெட்ட எண்ணமில்லை, முன்னேற்பாடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகவே இந்த நடை ஒரு பரீட்சை. பரீட்சை அவளுக்கு, மேற்பார்வை எனக்கு. கீரிமலையைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. தேசப்படத்தில் எங்கள் குடாநாடு முழுவதும் ஒரே பச்சை. மேட்டுநிலத்தைக் காட்டும் மண்ணிறம் மருந்துக்கும் கிடையாது. பெரிய படமொன்றைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியதில் கீரிமலைப் பக்கம்தான் கொஞ்சம் மேடென்று தெரிந்தது. பெயரிலும் மலை இருக்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள் அல்லவா?

ஐந்தரைக்கு இணுவில். நூற்றெண்பத்தைந்து ரூபாவுக்கு யாழ்ப்பாணம் பெரிய கடையில் வாங்கிய புதுச் சப்பாத்து என் காலில். மகேஸ்வரி பழைய ரப்பர்ச் செருப்பு. நான் வேகமாக முன்னே போய், மருதனார்மடத்துச் சந்தியில் அவளுக்காக நின்றேன். நிற்கும் நேரத்துக்கு ஒரு பிளேன்ரீ குடித்தேன். சுன்னாகத்தில் ஆறே முக்காலுக்கு, சந்தைக்கு வந்த வாழைக்குலை வண்டில்களைப் பார்த்தபடி மறுபடியும் அவளுக்காக நின்றேன். தெல்லிப்பழையில் ஒரு மதகில் உட்கார்ந்து அவளுக்காக நின்றேன். அவள் வந்து சேர்ந்து, நிற்காமலே என்னைக் கடந்துபோனாள்.

"இஞ்சேருங்கோ, ஆறுதலாய் வாங்கோ," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

மாவிட்டபுரத்தில் மேற்கே திரும்பும்போது என் இரண்டு குதிக்காலிலும் கொப்புளம். ஒன்பது பத்துக்குக் கீரிமலை. சனம் படியிறங்கிக் குளிக்கிற ஊற்றுக் கேணியடித் தேநீர்க் கடையில், வெற்றுடம்பில் துவாய் போட்டிருந்த கடைக்காரரிடம் ஏறுகிற இடம் எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். அவர் என் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"ஏறவோ? இஞ்சை ஆக்கள் இறங்கிறதுக்கெல்லே வாறவை."

"மலை எண்டு பேர் இருக்கே?"

"பேர் இருக்குத்தான். எனக்கும் இராசா எண்டுதான் பேர்."

மகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடலோரத்தில் நாலாள் உயரத்துக்கு ஒரு கல்மேடு இருந்தது. அதில் ஏழு முறை ஏறி இறங்கியதில் எட்டாவதற்கு எனக்கு அலுத்துவிட்டது. கேணிக்குள் படியிறங்கிக் குளிர்ந்த ஊற்று நீரில் கொப்புளத்தை வைத்தபோது, இமயத்தைப் பற்றிய கவலையெல்லாம் ஒருமுறை நின்றுபோனது உண்மை. பெண்கள் கேணியில் முழுகிவிட்டு ஈரத் தலையோடு வந்த மகேஸ்வரி, வீட்டுக்குத் திரும்பவும் நடப்போமா என்று கேட்டாள். நான் பஸ்ஸைக் காட்டினேன். ஆளுக்கு இரண்டு ரூபா ஐம்பது சதம். அவள் களைத்துப்போவாளே என்பதுதான் காரணம்.

பங்குனி 20, ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரைக்குக் குருநகர். தவக்காலத்துப் பூசை முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. சூசைப்பிள்ளையைக் காணத்தான் போனோம். அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். அவர் இருபது வயதிலிருந்து சங்கு குளிப்பவர். ஐம்பது தாண்டியும் நெஞ்சு கதவுப் பலகை அகலம். மலைக்கு மேலே காற்று மெலிந்திருக்கும், மூச்சு முட்டும் என்று படித்திருந்தேன். மூச்சு முட்டுவதைப் பற்றி இந்த ஊரில் வேறு யாரிடம் கேட்பது?

சூசைப்பிள்ளை கதிரை இரண்டை இழுத்துப் போட்டு, நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். மலை ஒன்றை அவரும் கண்டதில்லை.

"மாஸ்ரர், மேலையோ கீழையோ மூச்சு ஒண்டுதான். எங்கடை வள்ளத்திலை ஒரு வழக்கம் இருக்கு. முழுகி எழும்பினவன் தன்ரை முழுப் பேரையும் ஒரே மூச்சிலை சொல்லோணும். சொன்னால் திரும்ப இறங்கலாம். நடுவிலை அறுந்துதெண்டால் வள்ளத்திலை இருக்கோணும். அவன் எவ்வளவு பெரிய சூரனெண்டாலும் சரி."

"ஏன் பேர்?"

"எண்ணச் சொன்னால் ஏமாத்துவங்கள். பேரை ஏமாத்தேலாது. தகப்பன்ரை பேரும் சேர்ந்தெல்லே வருது."

அவருடைய முழுப் பெயர் அந்தோனிப்பிள்ளை சூசைப்பிள்ளை சவிரிமுத்து என்று அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்கும் அது நல்ல முறையாகப் பட்டது. நானும் மகேஸ்வரியும் வாசலில் இருந்து கோயிலடி வரை விரைவாக நடந்துபோய் வந்து சொல்லிப் பார்த்தோம். இருவருக்கும் பிழையில்லாமல் வந்தது. சமதரையில் எல்லோரும் வீரர்தான். மழை அங்கி ஒன்றும் முப்பது முழம் நல்ல கயிறும் தந்தார். கயிறு எதற்கு என்று மகேஸ்வரி கேட்டாள். மலையேறுபவர்கள் கயிறு கொண்டுபோவது வழக்கம் என்றேன். இப்போது அது எங்கள் வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கொடி.

பங்குனி 26, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு உரும்பிராய். மகேஸ்வரி பிறந்த வீடு இது. இப்போது அவளுடைய தம்பி தவராசா தோட்டம் செய்கிறான். நீரிறைக்கும் மிசின் பழுதாகி, வெங்காயம் இரண்டு நாளாகத் தண்ணீர் காணவில்லை என்றும், பழைய துலாவில் இறைக்கப்போவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தான். அதைக் கேட்டதும் எனக்கு மூளையில் பொறி தட்டியது. துலாவைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிணற்றடியில் இரண்டு உயர்ந்த ஆடுகால்களுக்கு நடுவே, அச்சில் மேலும் கீழும் ஆடுகிற நீண்ட மரம். அதன்மேல் ஆள் ஏறிக் கிணற்றுப் பக்கம் முன்னே நடந்தால், நுனியில் தொங்கும் பட்டை என்கிற ஓலை வாளி கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நிறைந்து மேலே வரும். துலா மிதிப்பது என்று பெயர். நடக்கிறவனுக்கு எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற்றம்தான். மலை இல்லாத ஊரில் மலையை மரத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் எனக்குத் தோன்றவில்லையே!

கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு ஆறடி ஏற்றம் என்றால், கேதாரத்தின் ஐயாயிரத்து இருநூறு அடிக்கு எண்ணூற்று அறுபத்தேழு தடவை.

"அத்தான், முதல் ஒரு இருவது மிதியுங்கோ பாப்பம்," என்றான் தவராசா, பட்டையைப் பிடித்துக்கொண்டு. "கண்ணாடியைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. கிணத்துக்குள்ளை விழுந்தால் எடுக்கேலாது."

ஏறினேன். பக்கத்தில் பிடிப்பதற்கு மூங்கில் கட்டியிருந்தது. முதல் ஐந்து தடவை சுகம். மேலே நின்றால் பக்கத்துத் தோட்டத்துப் புகையிலையும் மரவள்ளியும் அதற்கப்பால் பனைவரிசையும் தெரிந்தன. பத்தில் துடை இறுகியது. பதினைந்தில் புகையிலை எது மரவள்ளி எது என்று தெரியவில்லை. பதினெட்டில் மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

கீழேயிருந்து மகேஸ்வரி கேட்டாள். "பேரைச் சொல்லுங்கோ."

"செல்லத்துரை கன…"

அதற்கு மேல் வரவில்லை. என் அப்பாவின் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. தவராசா என்னைக் கைபிடித்து இறக்கி, கமுக மரத்தடியில் இருத்தி, செம்பில் தண்ணீர் தந்தான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

அதற்குள் மகேஸ்வரி சேலையை வரிந்து செருகிக்கொண்டு துலாவில் ஏறிவிட்டாள். "கவனம், முழங்கால்!" என்று கத்த நினைத்தேன், கத்தவும் மூச்சில்லை. ஐம்பது வயதுக்காரி அந்த மரத்தின்மேல் வீட்டு விறாந்தையில் நடப்பதுபோல் நடந்தாள். மூங்கிலை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அவசரமே இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை. இருபது, முப்பது, நாற்பது. வாய்க்காலில் தண்ணீர் ஓடி வெங்காயப் பாத்திக்குள் திரும்பியது. அறுபதில் தவராசா கேட்டான்.

"அக்கா, பேர்?"

"உரும்பிராய் வேலுப்பிள்ளையின்ரை மகள் மகேஸ்வரி கனகசபாபதி, வெங்காயத்துக்கு இவ்வளவும் காணுமோ இன்னும் இறைக்கோணுமோ?"

எல்லாம் ஒரே மூச்சில். நான் சொல்லி முடிக்காத என் பெயரும், அவள் புருஷன் பெயராக, அதற்குள் முழுசாக வந்தது.

இறங்கி வந்தவளிடம் கேட்டேன். "உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

"நான் மூத்த பிள்ளை. தம்பி பிறந்து வளருமட்டும் அப்பாவுக்கு மிதிக்க ஆளில்லை. எட்டு வயசிலை இருந்து பெரியபிள்ளையாகும் வரைக்கும் நான்தான்."

"இருபத்தெட்டு வருசமாய்ச் சொல்லேல்லையே நீர்."

"நீங்கள் கேக்கேல்லையே."

"முழங்கால்?"

"அது சம்மணம் கட்டி இருந்து எழும்பேக்கைதான் நோகும். நடக்கேக்கை ஒண்டுமில்லை. ஒரு நாளும் நோகேல்லை."

மத்தியானம் அங்கே குரக்கன் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நான் பசியோடு சாப்பிட்டேன்; தோல்விக்குப் பசி எடுக்கும் என்று அன்று கண்டுகொண்டேன். மூன்று மணிக்கு வெயில் தாழ, கொக்குவிலுக்கு மூன்று கட்டையையும் நடந்தே திரும்பினோம். இந்த முறை நான் முன்னே போகவில்லை. பக்கத்தில் நடந்தேன். அவள் கதைத்துக்கொண்டே வந்தாள், நான் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். இணைந்து நடந்தால் எங்கள் ஊர்த் தரை எவ்வளவு அழகான தரை என்று தெரிந்தது. எங்கும் ஒரே மட்டம், யாரும் யாருக்காகவும் நிற்கத் தேவையில்லை.

பங்குனி 27, ஞாயிற்றுக்கிழமை காலை. மேசையில் உட்கார்ந்து சென்னைக்கு மறுமொழி எழுதத் தொடங்கினேன். மகேஸ்வரி தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றாள்.

"சட்டைப் பொக்கற்றுக்குள்ளை இருந்த மற்றக் கடிதம் எங்கை?"

பேனை நின்றுவிட்டது.

"உமக்கு எப்பிடி…?"

"போன கிழமைக்கு முதல் கிழமை தோய்க்கேக்கை கண்டனான். ஒட்டு சரியாய்ப் பிடிக்கேல்லை, திறந்து கிடந்துது. நனையாமல் எடுத்து வைச்சு, சட்டை காய்ஞ்சாப்போலை திரும்ப உள்ளுக்கு வைச்சனான்."

கீரிமலைக்கு நடந்தபோதும் குருநகரில் என் பக்கத்தில் இருந்தபோதும் இவளுக்கு அது தெரியும். எனக்கு வந்த வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சொல்லாமலும் விட முடியாது. இருபத்தெட்டு வருடம் ஒருத்தியோடு வாழ்ந்துவிட்டு, அவள் காலின் பலம் தெரியாமல் அவளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறேன்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"நீங்கள் அதைப் போடேல்லையே," என்றாள். "முத்திரை ஒட்டியும் போடேல்லை. அதாலைதான்."

மேசை லாச்சியைத் திறந்து, முதல் நாள் இரவு அதற்குள் ஒளித்து வைத்த அந்தக் கடிதத்தை எடுத்து அவள் கண் முன்னால் நாலாகக் கிழித்தேன். முத்திரை வீணாகிறதே என்று அவள் அந்தத் துண்டை மட்டும் எடுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டாள். பிறகு புதுத் தாளில் எழுதினேன்: 'இரண்டு இடம். ஒரு குதிரை.'

அவள் என் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தாள்.

"குதிரை ஆருக்கெண்டு எழுதேல்லையே. பேந்து எனக்கெண்டு நினைச்சுப்போடுவினம்."

அதுவும் நியாயம்தான். 'குதிரை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் செல்லத்துரை கனகசபாபதி என்று என் பெயரை முழுதாக எழுதினேன். எழுதுவதற்கு மூச்சு வேண்டியதில்லை.