நண்டும் ஆடும் சிநேகிதமான சனிக்கிழமை

சித்திக்காவுக்குச் சத்தமாகப் பேச வராது. காரைக்காலில் ஒரு சின்ன நூலகத்தில் பதினாறு வருடம் உதவியாளராக இருந்து, 'மெதுவா பேசுங்க' என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய குரல் தேய்ந்துவிட்டது. வீடிருக்கும் நெரவியில் பஸ்ஸை நிறுத்தக்கூடக் கையைத்தான் ஆட்டுவாள். ஷார்ஜாவிலிருந்து கணவர் போன் செய்தால், "நெட்டு சரியில்ல போல, ஒண்ணும் கேக்கல" என்று வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுவார்.

அப்படிப்பட்டவளை அழைத்து நூலகர் காஜா நஜ்முதீன் சொன்னார்: "வர்ற சனிக்கிழமை குட்டிப் புள்ளைங்களுக்குக் கதை நேரம். ரெண்டு வயசு, மூணு வயசு. நட்புதான் தலைப்பு. இருபது நிமிஷம். நீங்கதான் நடத்துறீங்க."

"என்னால முடியாது சார்."

"அதான் பாத்தேன், முடியும்னு சொல்வீங்கன்னு தெரியும்" என்று, அவள் சொன்னது சரியாகக் காதில் விழாமலே அவர் போய்விட்டார்.

சித்திக்கா மூன்று நாள் திட்டம் போட்டாள். பாட்டு மூன்று நிமிடம், கதை எட்டு நிமிடம், பந்து உருட்டல் ஐந்து நிமிடம், பிஸ்கட் நான்கு நிமிடம். பந்தை ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் நட்பு. கதையையும் அவளே கட்டினாள். வழி தவறிக் கடற்கரைக்கு வந்த ஆடும் ஒரு நண்டும் சிநேகிதமாகின்றன. மகளின் பள்ளிக்கூடச் சாக்ஸில் இரண்டு பொத்தான் தைத்ததும் ஆடு வந்தது. அடுப்படியிலிருந்த சிவப்புக் கையுறை நண்டாயிற்று.

வியாழக்கிழமை ஒத்திகை பார்க்கலாமென்றால் பிள்ளைகள் இல்லை. பேப்பர் படிக்க வரும் இருவர்தான் இருந்தார்கள். கீழவாஞ்சூர்ப் பக்கம் லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செல்லக்கண்ணு. கடையை மகனிடம் விட்டுவிட்ட முகைதீன் பிச்சை. இருவரையும் பாயில் உட்காரச் சொன்னாள். முழங்காலை மடக்கி அவர்கள் உட்காரவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

"ஒரு ஊர்ல ஒரு ஆடு" என்று ஆரம்பித்தாள்.

"எந்த ஊரு?" என்றார் செல்லக்கண்ணு.

"போலகம் சார்."

"போலகத்து ஆட்டுக்குக் கடற்கரையில என்னம்மா வேலை? மேய அங்க என்ன இருக்கு?"

"வழி தவறிடுச்சு சார்."

"ஆட்டுக்காரன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

முகைதீன் பிச்சைக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்க ரெண்டு வயசுப் புள்ள. ரெண்டு வயசுப் புள்ள ஆட்டுக்காரனையா விசாரிக்கும்? நீ சொல்லும்மா. நண்டு வயல் நண்டா, கடல் நண்டா?"

"கடல் நண்டு மாமா."

"அப்ப கவ்வினா விடாது. ஆட்டுக்கு மூக்கு மிஞ்சாது."

பந்து உருட்டலில் நிலைமை இன்னும் மோசமாயிற்று. பந்தை வாங்கிய செல்லக்கண்ணு மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமாகிட்ட உருட்டுங்க சார்."

"காலையில விளையாட்டுப் பக்கத்தைக் கேட்டேன். குடுத்தாரா?"

முகைதீன் பிச்சை எட்டிப் பிடுங்கப் போக, பந்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்த பிறகே இருவரும் அடங்கினார்கள். சித்திக்கா திட்டத்தாளை எடுத்துப் பந்து உருட்டலை அடித்துவிட்டு, பிஸ்கட்டை ஒன்பது நிமிடமாக்கினாள்.

சனிக்கிழமை ஏழு பிள்ளைகள் வந்தார்கள். பாட்டு யாருக்கும் கேட்கவில்லை. அப்ரார் என்ற இரண்டு வயதுக்காரன் ஆட்டின் கண்ணைச் சப்பிப் பார்த்தான். "ஒரு ஊர்ல ஒரு ஆடு" என்றாள் சித்திக்கா. கேட்காததால் பிள்ளைகள் கொஞ்சம் நகர்ந்து வந்தார்கள். இன்னும் கேட்கவில்லை, அவள் முட்டியில் கைவைத்து நின்றார்கள். ஆடு கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் நான்கு பேர் அவள் மடியில், ஒருத்தி முதுகில்.

நண்டு பாயில் ஊர்ந்து வந்தது. மூன்று வயது ஆரிபா அதை உற்றுப் பார்த்தாள்.

"நண்டுக்கு ஆயி வருமா?"

திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. "வரும்" என்றாள் சித்திக்கா.

"ஆட்டுக்கு?"

"வரும்."

"பஸ்ஸுக்கு?"

"பஸ்ஸுக்கு வராது."

ஏழு பேரும் பாயில் உருண்டு சிரித்தார்கள். பிறகு நாற்காலிக்கு வருமா, ஃபேனுக்கு வருமா, நூலகருக்கு வருமா என்று விசாரணை நடந்தது. கடைசிக் கேள்வி வந்ததும் சித்திக்கா நண்டை மறுபடி ஊரவிட்டாள். கதவருகில் நஜ்முதீன் நின்றிருந்தார். நட்பு என்ற வார்த்தை ஒருமுறைகூட வரவில்லை. இருபது நிமிடம் நாற்பதாயிற்று.

கிளம்பும்போது அப்ராரின் அம்மா ஷஃபீனா கத்தினாள். "இது யாரு செருப்பு?"

அப்ராரின் ஒரு காலில் அவனுடைய நீலச் செருப்பு, இன்னொன்றில் ரோஸ் செருப்பு. போலகத்திலிருந்து வந்த மதிவதனி என்ற குட்டிப் பெண்ணின் கால்களிலும் அப்படியே. கதை முழுக்க இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. எப்போது மாற்றிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கழற்றி அவரவர் செருப்பை மாட்டியதும் இரண்டு பேரும் வீதியே திரும்பிப் பார்க்க அழுதார்கள்.

"விடுங்கக்கா, போட்டுட்டுப் போவட்டும்" என்றாள் மதிவதனியின் அம்மா அல்லி. "உங்க நம்பரைக் குடுங்க. அடுத்த சனிக்கிழமை மாத்திக்கலாம்." பிறகு சித்திக்காவைப் பார்த்தாள். "அடுத்த சனிக்கிழமை உண்டுதானேக்கா?"

சித்திக்கா நஜ்முதீனைக் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டாள்.

ரோஸ் செருப்பு அப்ராருக்கு இரண்டு அளவு சின்னது. குதிகால் வெளியே தொங்க, நொண்டி நொண்டி பஸ் நிறுத்தம் வரை நடந்தான். தூக்க வந்த ஷஃபீனாவைக் கிட்டவே அண்டவிடவில்லை.