கோட்டின் மேல் விழுந்த ஐந்து ஓட்டுகள்

கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவர் சந்தனமேரி. கொட்டைப்பால் பட்டு அவர் உள்ளங்கை எப்போதும் கறுத்தே கிடக்கும். தங்கள் தெருவுக்கு ஒரு கிணறு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அறுபதாம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலில் குடைச் சின்னத்தில் தானே நின்றார். எதிர்த்து நின்றவர் தோப்புக்காரர் சிவசாமி.

பள்ளிக்கூடத்தில் ஓட்டு எண்ணினார்கள். சந்தனமேரிக்கு இரண்டு ஓட்டு கூடுதல் என்று தேர்தல் அதிகாரியே வாய்விட்டுச் சொன்னார். அவர் கையெழுத்துப் போடுவதற்குள் சிவசாமி மறுபடி எண்ணச் சொல்லிக் கேட்டார். அதிகாரி சரி என்றார். இந்தத் தடவை, குடைக்கு விழுந்த சீட்டுகளில் ஐந்தைத் தனியே ஒதுக்கினார்.

"முத்திரை ரெண்டு சின்னத்துக்கும் நடுவுல உள்ள கோட்டு மேல விழுந்திருக்கு. செல்லாது."

"முதல்ல செல்லும்னு நீங்கதானங்க எண்ணுனீங்க?" என்றார் சந்தனமேரி.

"முடிவு பண்ற அதிகாரம் எனக்குத்தாம்மா. திருப்தி இல்லன்னா கோர்ட்டுக்குப் போங்க. பதினஞ்சு நாள் டயம் இருக்கு."

மூன்று ஓட்டு வித்தியாசத்தில் சிவசாமி ஜெயித்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டுக்குப் போக முடிவின் நகல் வேண்டும் என்றார்கள். சந்தனமேரி வேலையை விட்டுவிட்டு தேர்தல் அதிகாரியின் ஆபீசுக்கு நடந்தார். ஒருநாள் ஆபீசர் கேம்ப் போயிருந்தார். இன்னொரு நாள் டைப் ஆகவில்லை. பதின்மூன்றாம் நாள்தான் காகிதம் கைக்கு வந்தது. அன்றிலிருந்துதான் பதினைந்து நாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நாலு நாள் கழித்து, கை தவறிக் கோட்டில் முத்திரை போட்டுவிட்டதாகச் சொன்ன பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அக்காவையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

வக்கீல் தேதியைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். "முடிவு சொன்ன நாள்லருந்து கணக்கும்மா. முந்தாநாளே முடிஞ்சிருச்சு." ஆனாலும் தாமதத்தை மன்னிக்கும்படி எழுதி மனுவைப் போட்டார்.

முன்சீப் பொறுமையாகக் கேட்டார்.

"நகல் தர நாளாக்குனது அவங்கதானங்கய்யா," என்றார் சந்தனமேரி.

"நீங்க சொல்றத நம்புறேன். ஆனா ஒரு நாள்கூட கூட்டித் தர எனக்கு அதிகாரம் இல்லை."

"அந்த அஞ்சு சீட்டை மட்டும் ஒருக்காப் பாத்துருங்கய்யா."

"மனு நிக்காதப்போ ஓட்டுக்கட்டைப் பிரிக்கவே எனக்கு வழியில்லம்மா."

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. சந்தனமேரி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னப்பிள்ளை அழுதார். "கை நடுங்கிருச்சு மேரி. குடைக்குத்தான் போட்டேன்னு சொல்லலாம்னு வந்தேன். என்னைய யாருமே கேக்கலயே."

"தெரியும்க்கா, விடுங்க."

அடுத்த கோடையில் சிவசாமியின் தோப்போரம் பஞ்சாயத்துக் கிணறு வெட்டினார்கள். சந்தனமேரி தெருப் பெண்கள் பழையபடி கண்மாய்க்கே குடத்தோடு நடந்தார்கள். "நீ ஜெயிச்சதாத்தான முதல்ல சொன்னாங்க, என்னாச்சு?" என்று வழியில் யாராவது கேட்பார்கள். கோடு, தேதி, அதிகாரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிடுவார் சந்தனமேரி.