ஐயனுக்குக் கரைத்த மண்

என் தகப்பனார் காளியண்ணனைச் சொந்தபந்தம் மொத்தமும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அதே சொந்தபந்தம்தான் அவரைக் கொன்றது. இதைச் சொன்னால் அண்ணன் குமரகுரு இன்றைக்கும் என்னை அடிக்க வருவார். வரட்டும்.

திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர். மீசை முளைக்கும் முன்பே அப்பா, எங்கள் வாயில் ஐயன், கடப்பாரை பிடித்து ஊரார் கிணறுகளை வெட்டியவர். பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குப் போனார், பங்கு சேர்ந்தார், சொந்த வண்டி வாங்கினார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பாஷை தெரியாத ஊர்களில் சைகையிலேயே கூலி பேசி, சைகையிலேயே சண்டையும் போட்டு போர் போட்டார். ராய்ப்பூரில் வேலையாள் தங்கமுத்துவின் கை குழாய்க்கடியில் நசுங்கியபோது, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். தங்கமுத்து இப்போதும் ஐயன் பேரைச் சொன்னால் மிச்சமிருக்கும் விரல்களைச் சேர்த்துக் கும்பிடுவார்.

வண்டிகளை மகன்களிடம் கொடுத்த பிறகாவது சும்மா இருந்தாரா? மஞ்சள் போட்டார், எருமை வைத்துக்கொண்டார், எண்பது தாண்டியும் மொபெட்டில் சந்தைக்குப் போனார். விடிந்த பிறகும் எவனாவது படுத்திருந்தால், "ஏன்டா, நீயென்ன பொணமா?" என்று சொம்புத் தண்ணீரை மூஞ்சியில் ஊற்றுவார். பேரன் பேத்திகள் அதையும் சிரித்தபடி வாங்கிக்கொள்வார்கள்.

போன தை மாதம் வரப்பில் விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் குழறியது. ஈரோட்டில் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மோகனூரில் என் குடும்பத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தேன். டாக்டரம்மா என்னிடம் தெளிவாகச் சொன்னார்: "தொண்டைதான் பலவீனமா இருக்கு. படுக்க வெச்சுத் தண்ணி ஊத்திடாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். உக்கார வெச்சு, கெட்டியாக் கஞ்சி குடுங்க. தேறிடுவார்."

தேறுவார் என்பதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. ஐயன் படுத்து அவர்கள் பார்த்ததே இல்லை. படுத்துவிட்டார், அப்புறம் என்ன என்று முடிவு கட்டிவிட்டார்கள். அண்ணனும் தம்பி சரவணக்குமாரும் சத்தீஸ்கரில் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அழுகை உண்மைதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஐயனின் தங்கை செல்லியம்மாள் அத்தை வந்து, "பாலை ஊத்துங்க, போறவரு நிம்மதியாப் போவட்டும்" என்றாள். அவள் நீட்டிய பால் டம்ளரை நான் தட்டிவிட்டேன். புருஷன் வீட்டுக்குப் போனவளுக்கு இங்கே என்ன வாய் என்று முணுமுணுத்தார்கள்.

மறுநாள் காலையில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தபோது, ஐயன் என் முந்தானையை இடது கையால் இழுத்தார்.

"பசிக்குது சாமி."

தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து ராகிக் கஞ்சி ஊட்டினேன். முழுங்கினார். இன்னும் கேட்டார். பாதிக் கிண்ணம் காலியானதும், "மஞ்சக்காட்டுக்கு மோட்டாரு போட்டாச்சா?" என்று குழறலாகக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன்.

"அண்ணா, ஐயன் பேசுறாருங்ணா! மஞ்சக்காட்டக் கேக்கறாரு!"

அண்ணன் பதில் சொல்லும் முன் அத்தை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாஞ் சொல்லல? உசுரு மண்ணாசையில நின்னுட்டு இழுக்குது. காட்டு மண்ணக் கரைச்சு ஊத்துங்கடா, பாவம்."

அண்ணன் மஞ்சக்காட்டுக்கு ஓடினார். ஐயன் முதன்முதலில் வாங்கிய மேட்டுக்காட்டு மேல்தான் ஆசை இருக்கும் என்று தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு அங்கே பறந்தான். இருவரும் ஆளுக்கொரு பிடி மண்ணோடு வந்தார்கள். சண்டை எதற்கு என்று அத்தை இரண்டையும் ஒரே சொம்பில் போட்டுக் கரைத்தாள்.

"தேறிட்டு வாராருங்கத்தை! டாக்டரம்மா சொன்னாங்க..."

"டாக்டரம்மாளுக்கு நம்ம மண்ணப் பத்தி என்ன தெரியும் கண்ணு?"

நான் கட்டிலை மறித்து நின்றேன். தம்பி என்னைத் தோளோடு பிடித்து இழுத்தான். தலையணையை உருவினார்கள், தலையைத் தெற்கே திருப்பினார்கள்.

"உக்கார வெச்சாவது ஊத்துங்க, உங்க காலப் புடிக்கறேன்!"

போகிற உயிரை உட்கார வைத்து யாராவது அனுப்புவார்களா என்றார் அண்ணன். முதல் கரண்டிக்கே புரையேறியது. ஐயன் இடது கையால் சொம்பைத் தள்ளினார். "பாரு, ஆசையாக் கை நீட்டறாரு" என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். அண்ணன் அழுதுகொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினார். தம்பி ஒரு கரண்டி. வரிசையாக மருமகள்கள், பேத்திகள், எல்லோருமே அவர் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். மூஞ்சி நீலம் பூத்தது. நெஞ்சு எக்கி எக்கி அடங்கியது.

"போயிட்டாரு. ஆசை தீந்துதான் போனாரு" என்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு கதறினார். உதறித் தள்ளினேன்.

குளிப்பாட்டும்போது வாயைத் துடைக்க நான்தான் உட்கார்ந்தேன். பல்லிடுக்கிலும் நாக்கின் அடியிலும் செம்மண் அப்பியிருந்தது. ஈரத்துணியை விரலில் சுற்றி வழித்தேன்.

"அத உட்டுரு அம்முணி," என்று அத்தை என் கையைப் பிடித்தாள். "அவுரு கேட்டு வாங்கிக்கிட்டது, அவுருகூடவே போவட்டும்."

அவள் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் வழித்தேன். மண்ணோடு கொஞ்சம் கஞ்சியும் வந்தது.